தப்பினவர் தகுதியுள்ளவரா? மீன்களின் பற்கள் சொல்லும் சாட்சி

தியானப் பகுதி: லூக்கா 13:1–9



இவ்வாரத் தியானம் சிலருக்கு மனவருத்தத்தை உண்டாக்கக்கூடும் என்று அறிந்தே எழுதுகிறேன். கடந்த மாதம் நம் ஊரில் நடந்த எழுப்புதல் கூட்டத்தின் மூன்றாம் இரவில், வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் ஒருவர் 2004-ஆம் ஆண்டின் கடல் கொந்தளிப்பைப் பற்றிப் பேசினார். ஜெபித்த வீடுகள் நின்றன, ஜெபிக்காத வீடுகள் விழுந்தன என்றார். உயிரோடிருக்கிற நீங்கள் ஒவ்வொருவரும் தேவன் பொறுக்கி எடுத்த தகுதியுள்ள பாத்திரங்கள் என்றார். கூட்டம் ஆர்ப்பரித்தது. பழக்கத்தினால் நானும் ஆமென் என்றேன்.

கூட்டம் முடிந்து வாசலில் நின்றபோது, அந்த டிசம்பர் 26-ஆம் தேதி ஞாயிறு காலையில் தன் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த நம் சபைத் தாயார் ஒருவர் என்னிடம் வந்தார். அழவில்லை, கோபிக்கவும் இல்லை. "ஐயா, அன்னைக்கு விடியக்காலம் நானும் ஜெபம் பண்ணினேனே" என்று மட்டும் சொல்லிவிட்டு இருளில் நடந்து போனார். அடுத்த ஞாயிறு அவர் ஆராதனைக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. என் வாயிலிருந்து புறப்பட்ட அந்த ஒரு ஆமெனை எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது என்று அன்றுமுதல் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்கான முயற்சி.

தப்பினவர்கள் தகுதியினால் தப்பினார்கள், மாண்டவர்கள் தகுதியின்மையினால் மாண்டார்கள் என்னும் போதனை பொய் என்று சொல்ல வருகிறேன். அது வேதத்துக்கு விரோதமானது. தேவன் உண்டாக்கின உலகத்தின் சரித்திரத்துக்கும் விரோதமானது. முதலாவதை நீங்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறீர்கள். ஆகவே இன்று இரண்டாவதைக்கொண்டு தொடங்குகிறேன். சாட்சிகளாக மீன்களை அழைக்கிறேன்.

மீன்களிடம் என்னை அழைத்துச் சென்றவர் நம் வாலிபர் ஐக்கியத்தைச் சேர்ந்த, விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் தம்பி. அந்தப் பிரசங்கத்துக்குப் பின் அவர் என்னிடம் கேட்டது இது: "ஐயா, வலியது பிழைக்கும், தகுதியுள்ளது தங்கும் என்று டார்வினைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறார்கள். அதே பிரசங்கியார் முதல் நாள் டார்வினைப் பிசாசின் பிள்ளை என்று சபித்தார். மூன்றாம் நாள் அதையே சுவிசேஷமாகப் பிரசங்கிக்கிறாரே?" எனக்கு மறுமொழி இல்லை. அவர் கொடுத்த கட்டுரைகளை வாசிக்கத் தொடங்கினேன். வாசித்தபோது, உண்மையான விஞ்ஞானம் அந்தப் பிரசங்கியாரைக் காட்டிலும் தாழ்மையாகப் பேசுகிறது என்று கண்டு வெட்கப்பட்டேன்.

அந்த நாள்

6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகலமுள்ள விண்கல் ஒன்று இன்றைய மெக்சிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பத்தில் விழுந்தது. அது தோண்டிய பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர். சிக்சுலுப் என்னும் ஊரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. எழும்பின தூசியும் புகையும் கந்தகமும் சூரியனை மறைத்தன. வெளிச்சம் இல்லாததால் கடலின் மேற்பரப்பில் மிதக்கும் நுண்தாவரங்கள் வாடின. அவற்றைத் தின்பவை பட்டினியால் மடிந்தன, அவற்றைத் தின்பவையும் மடிந்தன. பூமியிலிருந்த உயிரினங்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு அற்றுப்போயின. நிலத்தில் டைனோசர்களில் பறவைகளின் வழி ஒன்றே மிஞ்சியது. கடலில் பெரிய ஊர்வனவும் அம்மோனைட்டுகளும் முடிந்தன. அந்த அம்மோனைட்டுகளின் சுருள் ஓடுகளை நம் அரியலூர் மாவட்டத்தின் மண்ணிலேயே காணலாம். அந்நிலம் ஒரு காலத்தில் கடலடி. வாரணவாசியிலுள்ள அருங்காட்சியகத்துக்கு உங்கள் பிள்ளைகளை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.

இது கற்பனைக் கதையன்று. 1980-இல் லூயிஸ் ஆல்வாரெஸ் என்னும் இயற்பியலாளரும், அவர் மகன் வால்ட்டர் என்னும் புவியியலாளரும், இரண்டு வேதியியலாளரும் இதன் அடையாளத்தை வெளியிட்டார்கள். அந்தக் காலத்து மண்ணடுக்கில், பூமியின் மேலோட்டில் மிக அரிதானதும் விண்கற்களில் மிகுந்திருப்பதுமான இரிடியம் என்னும் உலோகம், இத்தாலியில் வழக்கத்தைவிட 30 மடங்கும் டென்மார்க்கில் 160 மடங்கும் இருந்தது. டென்மார்க்கின் அந்த மெல்லிய களிமண் அடுக்கில் மீன்களின் செதில்களும் எலும்புகளும் கிடப்பதால், அந்நாட்டார் அதை நெடுங்காலமாக மீன்களிமண் என்றே அழைத்து வந்தார்கள். உலகத்தின் பெருந்துக்க நாளுக்கு ஒரு மீனின் பெயரே அடையாளமாக நின்றிருக்கிறது.

மாண்டவை எவை?

பிரியமானவர்களே, அந்த நாளுக்கு முன் கடலில் பலசாலி எது என்று கேட்டிருந்தால், சைஃபாக்டினஸ் என்னும் மீனை ஒருவன் காட்டியிருக்கக்கூடும். 4, 5 மீட்டர் நீளம். வாய் நிறையக் கோரைப் பற்கள். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹேஸ் என்னும் ஊரின் அருங்காட்சியகத்தில் அதன் புதைபடிவம் ஒன்று இருக்கிறது. 1952-இல் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க் எடுத்தது. சுமார் 4 மீட்டர் நீளமுள்ள அந்த மீனின் வயிற்றுக்குள் ஆறடி நீளமுள்ள இன்னொரு மீன் முழுதாகக் கிடக்கிறது. விழுங்கினது செரிப்பதற்குள் விழுங்கினவனும் செத்தான். அது விண்கல்லுக்கு வெகுகாலம் முன்பு செத்த ஒரு தனி மீன். ஆனால் அதன் குலம் விண்கல்லின் காலம் வரைக்கும் நீடித்து, அதன் பின் இல்லாமல் போயிற்று.

மேட் ஃபிரீட்மன் என்னும் ஆய்வாளர் 2009-இல், அப்பேரழிவைத் தாண்டிய கடல்மீன்களையும் தாண்டாதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார். பெரிய உடலும், சட்டென மூடும் வேட்டைத் தாடையும் உடைய மீன்களே அதிகமாக அற்றுப்போயிருந்தன. எது நேற்றுவரை பலம் என்று எண்ணப்பட்டதோ, அதுவே அந்த நாளில் சுமையாயிற்று. பெரிய உடலுக்கு நிறையத் தீனி வேண்டும், அன்று தீனி இல்லை. அவ்வளவுதான் காரியம்.

இன்னொரு சாட்சியையும் கேளுங்கள். விண்கல் விழுந்த இடத்திலிருந்து ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் வடக்கே, வடக்கு டகோட்டாவில் டானிஸ் என்று பெயரிடப்பட்ட இடத்தில், ஸ்டர்ஜன் மீன்களும் துடுப்பு போன்ற நீண்ட மூக்குடைய மீன்களும் குவியலாகப் புதைந்து கிடக்கின்றன. அவற்றின் செவுள்களில் நுண்ணிய கண்ணாடி மணிகள் சிக்கியிருக்கின்றன. விண்கல் மோதியபோது உருகித் தெறித்த பாறைத் துளிகள் அவை. வானத்திலிருந்து அவை பொழிந்தபோது இந்த மீன்கள் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. 2022-இல் வெளியான ஓர் ஆய்வு, அந்த மீன்களின் எலும்பின் வளர்ச்சி வளையங்களைப் படித்து, அவை செத்தது வசந்தகாலத்தில் என்று காட்டியது.

இப்போது நான் கேட்கிறேன். அந்த ஆற்றின் மீன்கள் என்ன பாவம் செய்தன? அவற்றின் இனத்தில் என்ன குறை? குறையொன்றுமில்லை. ஸ்டர்ஜன்களின் குடும்பம் இன்றும் உயிரோடிருக்கிறது. வேறு ஆறுகளில் இருந்த அவற்றின் உறவுகள் தப்பின. இவை இந்த ஆற்றில் இருந்தபடியினால் மாண்டன. இதற்கு மேல் ஒரு காரணத்தை அவற்றின்மேல் சுமத்துகிறவன், செத்தவற்றின்மேல் பொய்ச்சாட்சி சொல்லுகிறான்.

தப்பினவை எவை?

ஆழ்கடலின் அடியில் ஆண்டாண்டாக வண்டல் படிகிறது. அதற்குள் மீன்களின் பற்களும், சுறாவின் தோலிலுள்ள பல் போன்ற செதில்களும் புதைகின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் அளவுகூட இல்லாதவை, மணலைப் போன்ற சிறியவை. எலிசபெத் சைபெர்ட், ரிச்சர்ட் நோரிஸ் என்னும் இரு ஆய்வாளர் இவற்றை உருப்பெருக்கியின் கீழ் எண்ணினார்கள். 2015-இல் அவர்கள் வெளியிட்ட முடிவு இது: பேரழிவுக்கு முந்திய ஆழ்கடல் வண்டலில் சுறாச் செதில்களே மிகுதி. பேரழிவுக்குப் பின்பு, உலகின் வெவ்வேறு கடல்களில், கதிர்த்துடுப்பு மீன்களின் பற்கள் மிகுந்து, அளவிலும் பெருத்தன. அந்த மாற்றம் அதன் பின் குறைந்தது 2 கோடியே 40 இலட்சம் ஆண்டுகள் நிலைத்து நின்றது. கதிர்த்துடுப்பு மீன்கள் என்றால் எலும்புக் கதிர்களால் விரியும் துடுப்புடைய மீன்கள். நம் வலையில் விழுகிற மீன்களில் சுறாவும் திருக்கையும் நீங்கலாக ஏறத்தாழ எல்லாம் அவையே. இன்று முதுகெலும்புள்ள உயிரினங்களில் கிட்டத்தட்டப் பாதி அவை. மீன்களின் இக்காலம், ஒரு சாவின் மறுநாளில் தொடங்கியிருக்கிறது.

இதிலே அதிகமாய்ப் பெருகினவை முள்துடுப்பு மீன்கள். நாக்குமீனும் கடற்குதிரையும் சூரையும் ஒரே பெருங்குடியில் அடங்கும். ஒன்று தட்டையாய்ப் படுத்து மணலில் ஒளிகிறது, ஒன்று நிமிர்ந்து நின்று பாசியைப் பற்றிக்கொள்கிறது, ஒன்று அம்பைப்போலச் சமுத்திரத்தைக் கடக்கிறது. இத்தாலியில் வெரோனா நகருக்கு அருகே மோன்டே போல்க்கா என்னும் மலையில், ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முந்திய மீன்கள் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்களாகக் கல்லில் பதிந்து கிடக்கின்றன. இன்றைய பவளப்பாறை மீன்களின் குடும்பங்கள் பலவற்றை அங்கேயே அடையாளம் காணலாம். அதாவது, அழிவு நேர்ந்து ஏறத்தாழ 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளில் கடல் புதிய முகங்களால் நிறைந்திருந்தது.

நம் மீன்கூடைக்கே வருவோம். சூரை, அயிலை, சென்னையார் வஞ்சிரம் என்றும் தென்கரையார் சீலா, நெய்மீன் என்றும் சொல்லுகிற மீன், வாளை, வாவல். இவை உருவத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்றவை போலத் தோன்றும். வாளை நாடாவைப்போல் நீண்டது, வாவல் தட்டைப்போல் அகன்றது, சூரை நெசவுத்தறியின் ஓடத்தைப்போல் இருபுறமும் கூர்ந்தது. ஆயினும் இவை நெருங்கிய உறவுகள் என்று ஜப்பானிய ஆய்வாளர் மியாவும் அவரோடு உழைத்தவர்களும் 2013-இல் மரபணுக்களைக்கொண்டு காட்டினார்கள். பதினைந்து மீன் குடும்பங்கள் ஒரே வேரிலிருந்து, அந்தப் பேரழிவை ஒட்டிய காலத்தில் கிளைத்திருக்கின்றன. அவற்றின் முன்னோர் ஆழ்கடலில் வாழ்ந்தவை, மேலே இருந்த பெரிய வேட்டை மீன்கள் அற்றுப்போன இடத்துக்கு அவை ஏறிவந்தன என்று அவர்கள் கருதுகிறார்கள்.

சூரை மீன் சைஃபாக்டினஸைப் போரிட்டு வென்று அந்த இடத்தைப் பிடிக்கவில்லை. இடம் காலியாயிருந்தது. அதன் முன்னோர் வேறிடத்தில் இருந்தபடியால் உயிரோடிருந்தன. கடல்கள் எல்லாம்கூட ஒரேவிதமாய் அடிபடவில்லை. அக்காலத்து டெத்திஸ் கடலில் மீன்கள் வெகுவாய்க் குறைந்தன, பசிபிக் கடலில் அவ்வளவாய்க் குறையவில்லை என்று அதே பற்களின் கணக்கு சொல்லுகிறது. பசிபிக் மீன்கள் டெத்திஸ் மீன்களைவிடப் பக்தியுள்ளவை என்று யாராவது பிரசங்கிப்பீர்களா?

காரணம் வேறு, தகுதி வேறு

இங்கே ஒருவர் என்னை மறிக்கலாம். "போதகரே, பெரிய மீன்கள் அதிகமாய்ச் செத்தன என்று நீரே சொன்னீர். அப்படியானால் காரணம் இருந்ததல்லவா? எல்லாம் தற்செயல் அல்லவே?" நல்ல கேள்வி. காரணம் இருந்தது, மறுக்கவில்லை. கடலோரத்தில் குடிசை போட்டிருந்தவர்கள் அதிகமாய் மாண்டார்கள், மேட்டில் கல்வீடு கட்டியிருந்தவர்கள் குறைவாய் மாண்டார்கள். அதுவும் காரணமே. ஆனால் மேட்டில் வீடு கட்டியது பரிசுத்தமா? கரையில் குடிசை போட்டது பாவமா? ஒரு சம்பவத்துக்குக் காரணம் உண்டு என்பதிலிருந்து, அதில் மாண்டவர் அதற்குப் பாத்திரவான் என்று முடிவுகட்டுவது, அறிவிலும் குற்றம், அன்பிலும் குற்றம்.

தகுதியுள்ளது பிழைக்கும் என்னும் சொற்றொடரை உருவாக்கியவர் டார்வின் அல்ல. 1864-இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்பவர் அதை எழுதினார். டார்வின் 1869-இல் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் எடுத்துக்கொண்டார். உயிரியலில் தகுதி என்பதற்கு, இன்ன சூழலில் சந்ததியை விட்டுச்செல்ல ஏற்றதாயிருத்தல் என்பதே பொருள். மேன்மை என்றோ நீதி என்றோ பொருளில்லை. சூழல் ஒரே நாளில் மாறும்போது நேற்றைய ஏற்றது இன்றைக்கு ஏற்றதன்று. இதை ஒரு மாணவன் புரிந்துகொள்கிறான். ஆனால் பணக்காரர் தம் பணத்தை நியாயப்படுத்தவும், ஆளுகிறவர் தம் ஆளுகையை நியாயப்படுத்தவும் அந்தச் சொற்றொடரைக் கடன் வாங்கினார்கள். இப்போது பிரசங்க பீடமும் அதைக் கடன் வாங்கியிருக்கிறது. ஆசீர்வாதம் என்று அதற்குப் பெயர் மாற்றியிருக்கிறது. வியாபாரம் செழித்தவன் விசுவாசி. கடனில் மூழ்கினவன் மறைவான பாவமுள்ளவன். ஆஸ்பத்திரியிலிருந்து எழுந்து வந்தவன் சாட்சி சொல்ல மேடைக்கு அழைக்கப்படுகிறான். எழுந்து வராதவனுடைய மனைவி கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு நம் மேடையில் இடமில்லை.

எதிர்ப்புகளுக்கு மறுமொழி

போதகர் பரிணாமத்தைப் பிரசங்கிக்கிறார் என்று சிலர் முறுமுறுப்பீர்கள். உங்களுக்கு ஒரு மனிதரை நினைப்பூட்டுகிறேன். ஸ்காத்லாந்து தேசத்தில் க்ரோமார்ட்டி என்னும் கடலோர ஊரில் பிறந்த ஹியூ மில்லர் ஒரு கல்தச்சர். சுவிசேஷ வைராக்கியமுள்ள விசுவாசி, திருச்சபையின் சுயாதீனத்துக்காகப் போராடிய பத்திரிகையின் ஆசிரியர். அவர் தம் உளியால் உடைத்த சிவந்த மணற்கற்களில் யாரும் கண்டிராத பழங்கால மீன்களைக் கண்டார். அவற்றைப் பற்றி 1841-இல் அவர் எழுதிய நூல் புகழ்பெற்றது. ஒரு மீனுக்கு அவர் பெயரே இடப்பட்டது. ஓர் இனம் இன்னொன்றாக மாறும் என்பதை அவர் ஏற்கவில்லை. அது உண்மை, மறைக்கமாட்டேன். ஆனால் பூமி மிகப் பழையது என்பதையும், இனங்கள் தோன்றி அழிந்தன என்பதையும் கல் சாட்சி சொன்னபோது, அவர் கல்லைப் பொய்யன் என்று சொல்லவில்லை. சிருஷ்டிகரின் கைவேலையைப் பார்த்துப் பயப்படுவது விசுவாசமாகாது என்று அறிந்திருந்தார்.

இன்னும் சிலர் சீலகாந்த் மீனைக் கொண்டுவருவீர்கள். கைப்பேசியில் அது வாரந்தோறும் சுற்றுகிறது. டைனோசர்களோடு அழிந்துபோனது என்று எண்ணப்பட்ட மீன் 1938-இல் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்ட் லண்டன் கரையோரத்தில் உயிரோடு பிடிபட்டது, ஆகவே விஞ்ஞானம் அத்தனையும் பொய் என்பது வாதம். மீன் பிடிபட்டது மெய். அதை அடையாளம் கண்டு உலகுக்கு அறிவித்தவர்களே விஞ்ஞானிகள்தாம். மார்ஜரி கோர்ட்டினே-லாட்டிமர் என்னும் அருங்காட்சியக அதிகாரி ஒரு மீன்குவியலில் அதைக் கண்டு காப்பாற்றினார். தங்கள் எண்ணம் தவறென்று தெரிந்தவுடன் அவர்கள் அதைத் திருத்திக்கொண்டார்கள். நாம் திருத்திக்கொள்கிறோமா? மேலும், தொலைந்துபோனதாக எண்ணிய ஒருவர் வீடு திரும்பினால், கல்லறையிலுள்ள மற்றவர்கள் சாகவில்லை என்றாகுமா? சைஃபாக்டினஸ் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

ஆண்டுகளின் கணக்கில் என்னோடு உடன்படாத மூப்பர்கள் நம் சபையில் உண்டு. அவர்களை நேசிக்கிறேன். அந்த விவாதத்தை இன்று முடிக்க முயலவில்லை. ஆனால் ஒரு காரியத்தில் விட்டுக்கொடுக்கமாட்டேன்: நம் பிள்ளைகள் கல்லூரியில் உண்மையைக் கற்பதற்காக ஆலயத்தின் வாசலில் தங்கள் மூளையையோ, கல்லூரியின் வாசலில் தங்கள் விசுவாசத்தையோ கழற்றிவைக்கும்படி நாம் அவர்களை நிர்ப்பந்திக்கலாகாது.

இன்னொரு பொய்யான ஆறுதல்

மீன்களின் கதையைக் கேட்டவுடன் வேறொரு பிரசங்கம் எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது. "பாருங்கள், பழையவை அழிந்தபடியால் அல்லவா இத்தனை அழகான புதியவை வந்தன? சூரை வரும்படிக்கே சைஃபாக்டினஸ் போயிற்று. உங்கள் இழப்பும் ஒரு பெரிய ஆசீர்வாதத்துக்கு இடம் உண்டாக்கிற்று." பாதி எழுதினபின் கிழித்துப்போட்டேன். அந்தத் தாயாரின் முகம் நினைவுக்கு வந்தது. உன் பிள்ளைகள் போனது வேறு யாருக்கோ இடம் உண்டாக்கத்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு நாவு எழவில்லை. எழவும் கூடாது.

பின்வந்த நன்மை முன்நேர்ந்த சாவை நியாயப்படுத்தாது. பின்வந்ததற்காக நன்றி சொல்லலாம். முன்போனதற்காக அழலாம். இரண்டையும் ஒரே மனிதன் ஒரே நாளில் செய்யலாம். ஆனால் ஒன்றை மற்றதன் விலைச்சீட்டாக மாற்றலாகாது. யோபுவுக்கு முடிவில் வேறு பிள்ளைகள் பிறந்தார்கள். செத்த பிள்ளைகளை அவன் மறந்தான் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கர்த்தர் பெருங்காற்றிலிருந்து அவனோடு பேசினபோது, அவன் பிள்ளைகள் இன்ன காரணத்துக்காகச் செத்தார்கள் என்று விளக்கவுமில்லை. கடலையும் காட்டு மிருகங்களையும் லிவியாதானையும் காட்டினார். காரணங்களை விளக்கிக்கொண்டே இருந்தவர்கள் யோபுவின் சிநேகிதர்கள். அவர்கள்மேல்தான் கர்த்தர் கோபங்கொண்டார். நம் மேடைகளில் இன்று அந்தச் சிநேகிதர்களே அதிகம்.

தவணை

இப்பொழுது நம் தியானப் பகுதிக்கு வாருங்கள். சீலோவாமிலே கோபுரம் இடிந்து பதினெட்டுப்பேர் மாண்ட செய்தியைப் பற்றி ஆண்டவர் பேசுகிறார். மாண்டவர்கள் ஊராரைவிடப் பொல்லாதவர்கள் என்னும் எண்ணத்தை அவர் ஒரே சொல்லில் வெட்டுகிறார். அதோடு நிறுத்தாமல், உயிரோடிருக்கிறவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். செத்தவர்களைப் பற்றிக் கேட்கவந்தவர்கள், தங்களைப் பற்றிய கேள்வியோடு திரும்பினார்கள். உடனே அவர் கனிகொடாத அத்திமரத்தின் உவமையைச் சொல்லுகிறார். அந்த மரம் ஏன் வெட்டப்படாமல் நின்றது? கனி கொடுத்தபடியினால் அல்ல. தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் கேட்டு வாங்கினான்.

தப்பியிருத்தல் என்பது அதுதான், பிரியமானவர்களே. நாம் கையில் வைத்திருப்பது பரிசுக் கோப்பை அன்று, தவணைச் சீட்டு. தவணை பெற்றவன் அண்டை வீட்டாரின் வெட்டப்பட்ட மரத்தைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கமாட்டான். தன் மரத்தடியில் எருப்போடுவான்.

அந்தத் தவணையை நாம் எப்படிச் செலவிடுகிறோம்? விண்கல் விழுந்த காலத்தில் ஆற்றில் நீந்திய அந்தத் துடுப்புமூக்கு மீன்களின் வழிவந்த ஓரினம் சீனத்தின் யாங்சி ஆற்றில் வாழ்ந்துவந்தது. அது அற்றுப்போனதாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. அணைகளும் வலைகளும் அதை முடித்தன. ஸ்டர்ஜன் இனங்கள் யாவும் இன்று ஆபத்தில் இருக்கின்றன. அவற்றின் முட்டையைக் கேவியர் என்று செல்வந்தர் உண்பது ஒரு காரணம். சுறாக்களிலும் திருக்கைகளிலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவை அழிவின் விளிம்பில் உள்ளன. வானத்திலிருந்து விழுந்த கல் செய்யாததை, தகுதியுள்ளவர்கள் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் நாம் செய்கிறோம். குஞ்சுமீனையும் அரித்தெடுக்கும் வலையை நம் விசைப்படகுகளிலிருந்தும் இறக்கவேண்டும் என்று நம் சபையின் கடல்தொழிலாளர் சங்கத்து அண்ணன்மாரிடம் முன்பே சொல்லியிருக்கிறேன். இன்று மறுபடியும் சொல்லுகிறேன். விண்கல்லுக்கு மனச்சாட்சி இல்லை, நமக்கு உண்டு.

சாட்சி நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வரும் ஞாயிறு முதல், விபத்திலிருந்தோ வியாதியிலிருந்தோ தப்பினவர்கள் நம் ஆலயத்தில் நன்றி சொல்லும்போது, "தேவன் என்னைக் காத்தார்" என்று தாராளமாய்ச் சொல்லுங்கள். "நான் ஜெபித்தபடியினால், நான் காணிக்கை கொடுத்தபடியினால்" என்று சேர்க்காதீர்கள். நீங்கள் அப்படிச் சேர்க்கும் ஒவ்வொரு முறையும், ஜெபித்தும் காணிக்கை கொடுத்தும் இழந்துபோன ஒருவர் உங்கள் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். இஸ்ரவேலரைப் பார்த்து, உன் நீதியினிமித்தம் இந்தத் தேசம் உனக்குக் கிடைக்கவில்லை என்னும் பொருள்பட மோசே எச்சரித்த உபாகமம் 9-ஆம் அதிகாரத்தை இவ்வாரம் குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள்.

நேற்று மாலை நானும் போதகரம்மாவும் அந்தத் தாயாரின் வீட்டுக்குப் போனோம். அன்று நான் சொன்ன ஆமெனுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் பேசாதிருந்தார். பின்பு எழுந்து அடுப்பங்கரைக்குப் போய்த் தேநீர் கொண்டுவந்தார். ஞாயிறு வருவதாக அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கிளம்பும்போது, பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி ஜெபிக்கும்படி கேட்டார். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெயர்களை நான் ஒருமுறைகூட ஆலயத்தில் சொன்னதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வரும் ஞாயிறு சொல்லுவேன். அவர் வந்தாலும் வராவிட்டாலும் சொல்லுவேன்.

ஜெபம்: சமுத்திரத்தையும் அதிலுள்ள யாவற்றையும் உண்டாக்கின எங்கள் பிதாவே, மாண்டவர்கள்மேல் நாங்கள் சொன்ன பொய்ச்சாட்சியை எங்களுக்கு மன்னியும். தப்பியிருக்கிற எங்களுக்குப் பெருமையைத் தராமல் பொறுப்பைத் தாரும். உம்முடைய கைவேலையை ஆராயும் எங்கள் பிள்ளைகளுக்குத் தைரியத்தையும், இழந்தவர்களோடு உட்கார்ந்திருக்க எங்களுக்குப் பொறுமையையும் அருளும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம். ஆமென்.